பேர் சொல்லக் கூடாத பொடி

லாத்தா, இன்று தாராவிச் சந்தையில் முடக்கத்தான் கீரை வந்திருந்தது. வாங்கிவந்து மாவோடு அரைத்துத் தோசை ஊற்றினேன். கல்லில் அந்தப் பச்சை வாடை கிளம்பியதும், பக்கத்து வீட்டிலிருந்து நீங்கள் எட்டிப் பார்த்து, "எண்ணெயத் தாராளமா ஊத்து புள்ள, மருந்துன்னா கசக்கணும்னு சட்டமா?" என்று கேட்பது போலவே இருந்தது. தின்றுவிட்டு, இரும்பு ஏணியில் ஏறி மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆமாம், நானேதான் ஏறினேன்.

நம் சந்து வீடுகளில் கீழே அடுப்பு, மேலே படுக்கையும் தையல் மெஷினும். மூட்டுவாதத்தில் முழங்காலும் விரல்களும் வீங்கியபோது சொந்த வீட்டு மாடியே எனக்கு வெளியூர் ஆகிவிட்டது. தோல் பை தைக்கும் வேலை நின்றது. காலம் முழுக்க மாத்திரை என்று டாக்டர் சொன்னதும் மிரண்டு, அதையும் விட்டுவிட்டேன்.

அப்புறம் சந்தே எனக்கு வைத்தியம் பார்த்தது. பூண்டுப் பால், நொச்சி ஒத்தடம், ஆமணக்கு இலைக் கட்டு. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் லாத்தா" என்று நான் சலித்துக்கொண்டால், "இதான் கடைசி மரம்" என்று இன்னொரு டப்பாவோடு வந்து நிற்பீர்கள். அப்படி வந்ததுதான் உங்கள் ஊர் வைத்தியர் ரயிலில் கொடுத்தனுப்பிய கறுப்புப் பொடி. "தேன்ல குழைச்சுத் தின்னு. யார்ட்டயும் சொல்லிராத. மருந்த வெளிய சொன்னா பலிக்காது" என்றீர்கள்.

வலி குறைந்தது உண்மை. ஆனால் கொஞ்ச நாளில் சோறு வெறுத்தது, கண் மஞ்சளானது. "வேறு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வலி திரும்பிவிடுமே, மறுபடி அந்த ஏணிக்குக் கீழேயே கிடக்க வேண்டுமே என்ற பயம்.

நீங்கள்தான் புர்காவுக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தீர்கள். "டாக்டர் சாப், மைச் தியா." நான்தான் கொடுத்தேன் என்று வார்டே திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "பலிக்காட்டிப் போவுது. நீ இரு புள்ள, அது போதும்" என்றீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொடியை நிறுத்தினார்கள். ஈரல் மெல்லத் தேறியது. பிறகு பழைய மாத்திரையை, ரத்தம் பார்த்துப் பார்த்து, மறுபடி தொடங்கினார்கள். "முடக்கத்தான் தோசையாச்சும் திங்கலாமா?" என்று நீங்கள் விடாமல் கேட்க, டாக்டர் சிரித்துவிட்டுத் தலையாட்டினார். நான் முதல் முறை ஏணி ஏறிய அன்று, விழுந்தால் பிடிக்கக் கையை விரித்துக் கீழே நின்றீர்கள். நான் விழுந்திருந்தால் இருவருமே ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்போம்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. ஒரு கஷாயம் வைக்கக்கூட எங்களுக்கு நேரம் தரவில்லை. நான் ஏறியதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பதில்தான் ஆறுதல் கொள்கிறேன்.

நேற்று பரிசோதனை முடிவு வந்தது. ஈரல் நன்றாக இருக்கிறதாம். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் வழக்கம்போல் கேட்டார். பூண்டுப் பால், நொச்சி ஒத்தடம், முடக்கத்தான் தோசை என்று ஒவ்வொன்றாகப் பேர் சொன்னேன், வார்டுக்கே கேட்கும் உங்கள் குரலில்.

எதுவும் பலிக்காமல் போய்விடவில்லை, லாத்தா.