நீலாவுக்கு வேறு குரல்

12 பெப்ரவரி 2025

பதினேழாம் பகுதி ஒலிப்பதிவு முடிந்தது. யாழ்ப்பாணம் சோனகதெருவில் பஹ்மிதா வீட்டுப் பின்னறை. மெத்தைகளைச் சுவரில் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, இரண்டு பேரும் வியர்த்து வழிந்தோம். கோள் வெடிக்கும் சத்தத்துக்கு அப்பளம் பதினொன்று நொறுங்கியது.

எங்கள் ஒலித்தொடர் 'தீர்வுப் பிரிவு' தொடங்கி மூன்று வருடம். எழுதுவது நான். வேணியின் குரலும் நான். நீலாவின் குரல் பஹ்மி. விண்வெளியில் எங்கே சிக்கல் என்றாலும் அந்த இரண்டு பெண்களைத்தான் அனுப்புவார்கள். சிக்கல் தீரும். கூடவே ஒரு நிலவோ துறைமுகமோ தீர்ந்துபோகும். இன்று தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதென்று போய் முழுக் கோளையும் முடித்துவிட்டார்கள். நீலா மேலிடத்துக்கு அறிக்கை கொடுக்கிறாள்: "ஒழுக்கு நின்னுட்டு, சேர்." பஹ்மி அதைச் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்று தரம் திரும்ப எடுத்தோம்.

19 பெப்ரவரி

வேலை செய்யும் அச்சகத்தில் கலியாண அட்டை ஒன்றுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து அழைப்பு. செல்வரட்ணம் என்று ஒருவர், படக் கம்பனி நடத்துகிறாராம். எங்கள் தொடரைக் கார்ட்டூன் படமாக எடுக்க விருப்பமாம். பன்னிரண்டு பகுதி. வெளியே அச்சுவேலிச் சந்தை இரைச்சல்; ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"வேணி நல்லாய் இருக்கு, தங்கச்சி. நீலாவின்ரை குரலை மட்டும் மாத்த வேணும். அந்தப் பிள்ளை கதைக்கிறது யாழ்ப்பாணத் தமிழ் இல்லையே."

யோசிச்சுச் சொல்லுறன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசிக்க அதில் என்ன இருக்கு?

20 பெப்ரவரி

பஹ்மியிடம் சொல்லவில்லை.

23 பெப்ரவரி

அவளுடைய உம்மாவும் வாப்பாவும் இந்த நகரத்தில் பிறந்தவர்கள். தொண்ணூறில் புலிகள் இயக்கம் முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னது. பஹ்மி பிறந்தது புத்தளத்தில், முகாமில். பதினேழு வயதில்தான் இங்கே வந்தாள். பிறகு எந்தத் தமிழைக் கதைப்பாள்?

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பன்னிரண்டு பகுதிக்கும் தலைப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

1 மார்ச்

மாதிரி ஒன்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெட்டை யோசப்பினைக் கூப்பிட்டேன். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். நீலாவின் வரிகளை ஒரு பிழை இல்லாமல் வாசித்தாள். எனக்கு ஒரு இடத்திலும் சிரிப்பு வரவில்லை.

அனுப்பிவிட்டேன். மாதிரிதானே.

6 மார்ச்

வேலை விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கொழும்புத்துறைக் கடற்கரை வரை போனேன். கரையில் நிற்கவும் பிடிக்கவில்லை. கோப்பாயில் வீட்டுக்குத் திரும்பி வந்து வாசலில் இறங்காமலே மறுபடியும் போனேன்.

9 மார்ச்

பஹ்மி அச்சகத்துக்கே வந்துவிட்டாள். யோசப்பின் ஒன்றும் அறியாமல் அவளுக்கே போன் எடுத்திருக்கிறாள், நீலாவின் சிரிப்பை எப்படிச் சிரிப்பது என்று கேட்க.

"சொல்லிக் குடுத்தேன். பாவம், நல்ல பிள்ள," என்றாள்.

"உன்னட்டைச் சொல்ல இருந்தனான், பஹ்மி."

"எப்ப? படம் வந்த பிறகா?"

மேசையில் கிடந்த அட்டைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"இங்க வந்த நாள்லேர்ந்து எல்லாரும் எந்த ஊர்னு கேக்கிறாங்க, கலா. நீ ஒருத்திதான் கேக்கல்ல."

அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

10 மார்ச்

கனடாவுக்கு மாட்டன் என்று சொன்னேன்.

"வடிவாய் யோசிச்சுப் பாருங்கோ, தங்கச்சி."

யோசித்துத்தானே இவ்வளவும் வந்தது.

பஹ்மிக்கு அதை எழுதினேன். பின்னேரம் பதில்: "எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லாத."

2 ஏப்ரல்

பதினெட்டாம் பகுதி எழுதப் பார்த்தேன். கப்பலில் வேணி தனியே இருக்கிறாள். எட்டுப் பக்கம் போயும் ஒன்றும் உடையவில்லை. கிழித்துப் போட்டேன்.

17 மே

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வரி: "நீலாவ நான் கொண்டுபோறேன்."

ஓம் என்று போட்டேன். வேறு என்ன போட?

8 ஜூன்

நீலாவின் புதுத் தொடர் வந்துவிட்டது. எழுத்து பஹ்மி. கூட நடிப்பது அவளுடைய மச்சி ஸம்ஸியா. பேருந்தில் கேட்டேன். ஒரு மின்குமிழ் மாற்றப் போன நீலா சூரியனையே கழற்றிவிடுகிறாள். இருட்டில் நின்றுகொண்டு, "எதுக்கும் சுவிச்ச ஒருக்கா போட்டுப் பாருங்களே," என்கிறாள். வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா திரும்பிப் பார்த்தா.

என்னால் இப்படி எழுத முடியாது. இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் அழுகை வந்தது.

28 ஜூலை

பஹ்மி போன் எடுத்தாள்.

"அஞ்சாம் பகுதிக்கு ஒரு ஆள் வேணும். அரசாங்கக் கந்தோர்ல எழுத்து வேல பாக்கிற கிளாக் ஒருத்தி. நீலா கந்தோர உடைக்கிற நேரம் கோப்புகளத் தூக்கிட்டு ஓடுவா."

"எத்தினை வரி?"

"ரெண்டு."

"வாறன்."

3 ஓகஸ்ட்

காலை பத்து மணிக்குப் போனேன். பஹ்மியின் உம்மா வாசலில் நின்று, கன நாளாய்க் காணேல்லையே பிள்ளை என்றா.

இரண்டு வரிக்கு நாலு தரம் எடுத்தோம். "பயம் காணாது" என்றாள் பஹ்மி, பிறகு "இப்ப கூடிட்டு" என்றாள். ஸம்ஸியா தேத்தண்ணி கொண்டுவந்தா. குடித்துவிட்டு எழும்பினேன். பஹ்மி தாளில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்:

"உன்ட கிளாக்குக்கு என்ன பேர்?"

"இரண்டு வரிக்கு என்னத்துக்குப் பேர்?"

"அடுத்த கிழமைக்குள்ள ஒண்டு சொல்லு."