டகோட்டாவும் பூண்டெண்ணெயும்

மாட்டுங்கா, பம்பாய்
17 நவம்பர் 1946

பங்களூரில் இருக்கும் என் அகத்துக்காரருக்கு ராஜலக்ஷ்மி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், குழந்தை ஷ்யாமளா, என் அப்பா மூவரும் சௌக்கியம். ரேஷன் அரிசியில் இந்த வாரம் கல் குறைவு, நெல் அதிகம். பொறுக்கிப் பொறுக்கி என் கண்ணும் அப்பாவின் பொறுமையும் தேய்ந்துவிட்டன.

உங்கள் கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் டகோட்டா விமானம். மீதி அரைப் பக்கத்தில் நான், குழந்தை, அப்பா, உங்கள் காது எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். குறை சொல்லவில்லை, படிக்கப் படிக்க எனக்கே ருசி தட்டிவிட்டது. ஜூஹுவில் தபால் மூட்டை தூக்கிக்கொண்டு பறந்த அந்தக் குட்டி விமானங்களோடு இத்தனை வருஷம் மாரடித்தீர்களே, அவற்றைப் பற்றி இவ்வளவு சொன்னதுண்டா? அந்துப்பூச்சி என்று அவற்றுக்குப் பெயர் வைத்த வெள்ளைக்காரனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. துணியை அரிக்கிற பூச்சியின் பெயரைத் துணி போர்த்திய விமானத்துக்கு யாராவது வைப்பார்களோ?

டகோட்டா முதலில் தூங்குவதற்கென்று பிறந்தது என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்து வீட்டு ருக்கு மாமியிடம் சொன்னேன், நம்ப மாட்டேன் என்கிறாள். அமெரிக்காவில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ராத்திரியெல்லாம் போகிறவர்களுக்குப் படுக்கை வேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்டதும், பழைய விமானத்தின் வயிற்றை அகலமாக்கிப் பதினாலு படுக்கை போட்டார்களாம். படுக்கையை எடுத்துவிட்டு நாற்காலி போட்டுப் பார்த்தால் இருபத்தொரு பேர் உட்காரலாம் என்று பிறகுதான் தெரிந்ததாம். எனக்குச் சில சந்தேகம். படுத்தவர் உருண்டு விழாமல் கட்டிப் போடுவார்களா? புருஷன் மேலே, பெண்டாட்டி கீழே என்றா, இல்லை மாற்றியா? குழந்தை வீறிட்டு அழுதால் மற்ற பதின்மூன்று பேரும் எங்கே எழுந்து போவார்கள்? இதற்கெல்லாம் பதில் எழுதவும்.

யுத்தம் வந்ததும் படுக்கையும் போய், நாற்காலியும் போய், நம் லோக்கல் ரயில் மாதிரி இரண்டு பக்கமும் நெடுக ஆசனம் வைத்து, ஜீப் நுழைகிற அகலத்துக்குக் கதவை அறுத்து, பச்சைச் சாயம் அடித்து அனுப்பினார்கள். இப்போது அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் வெயிலில் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்து, சாயத்தைச் சுரண்டி, மறுபடியும் ஜனங்கள் உட்காரும்படி நீங்கள் செய்கிறீர்கள். சுரண்டும்போது ஒரு விமானத்தில் எந்த அமெரிக்கச் சிப்பாயோ 'பெட்டி' என்று தன் பெண்ணின் பெயரைக் கீறி வைத்திருந்தான் என்றீர்களே, அதையும் சுரண்டிவிட்டீர்களா? எனக்கு என்னவோ அந்தப் பெண்ணைப் பற்றியே யோசனை.

சீனாக்காரர்களின் கதைதான் எல்லாவற்றிலும் உசத்தி. குண்டு விழுந்து ஓர் இறக்கை போனதும், இதற்கு முந்தின இரண்டாம் நம்பர் விமானத்தின் இறக்கையை, அளவு குட்டை என்று தெரிந்தே மாட்டிப் பறந்தார்களாமே! மூன்றாம் நம்பரான அதற்கு 'இரண்டரை' என்று பெயர் வைத்தது ரொம்பப் பொருத்தம். ஷ்யாமளா ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் தன் செருப்புமாக வீடு முழுக்க நடந்து, நான் இரண்டரை, நான் இரண்டரை என்று கத்திக்கொண்டிருந்தாள். வானத்தில் எந்த விமானம் போனாலும் "அப்பா போறா" என்று கை ஆட்டுகிறாள். அப்பா தரையில்தான்டி இருக்கார் என்று ஒவ்வொரு தடவையும் திருத்துகிறேன்.

அப்பா உங்கள் கடிதத்தை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "எல்லாம் சரி, நம்ம மாப்பிள்ளை அதிலே ஏறாம இருந்தாப் போரும்" என்றார். பெண் பார்க்க வந்த அன்று குருவாயூரப்பன் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, விமானத்தைப் பழுது பார்ப்பேன், ஏற மாட்டேன் என்று நீங்கள் செய்துகொடுத்த சத்தியத்தை நம்பித்தான் அவர் ராத்திரி தூங்குகிறார். நானும் அப்படித்தான்.

காது அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பங்களூர்க் குளிருக்குத் தலையைத் திறந்து போட்டுக்கொண்டு திரிந்தால் அடைக்காமல் என்ன செய்யும்? இத்துடன் நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஒரு சீசா அனுப்புகிறேன். நம் வீட்டில் பூண்டு நுழைந்ததே இல்லை. ருக்கு மாமிக்குக்கூடத் தெரியாமல் வாங்கி, குமுட்டி அடுப்பை வராந்தாவில் வைத்துக் காய்ச்சினேன். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்குக்குப் போய்விட்டார். இவ்வளவு பாவத்தைச் சம்பாதித்துக்கொண்டு அனுப்புகிற எண்ணெய், ஞாபகமாக விட்டுக்கொள்ளவும். மப்ளர் கட்டாமல் வெளியே போகக் கூடாது.

உங்கள் ராஜலக்ஷ்மி


மாட்டுங்கா
16 டிசம்பர் 1946

நமஸ்காரம். குழந்தையும் அப்பாவும் சௌக்கியம். என்னைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு டகோட்டாவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ருக்கு மாமியை இழுத்துக்கொண்டு, குழந்தையுடன் சாந்தாகுரூஸ் வரை ரயிலில் போய், பஸ் பிடித்து ஜூஹுவுக்குப் போனேன். கம்பி வேலிக்கு வெளியே நின்றால் எல்லாம் தெரிகிறது. படத்தில் பார்த்தது ஒன்றுமில்லை. மூக்கை ஆகாசத்துக்குத் தூக்கிக்கொண்டு, வாலைத் தரையில் வைத்துக்கொண்டு, யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. உள்ளே போகிறவர்கள் மேடு ஏறுவது போல் ஏறித்தான் ஆசனத்துக்குப் போக வேண்டுமாமே? ருக்கு மாமி, "இவ்வளவு பெரிசு எப்படிடீ மேலே போகும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அது ஓடி, வாலைத் தூக்கி, கடல் பக்கம் எழும்பியபோது மாமி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. ரொம்ப நேரம் வாய் திறந்தபடியே நின்றேன் போலிருக்கிறது.

அப்போதுதான் கணேசபாண்டியன் எங்களைப் பார்த்து ஓடி வந்தார். உங்களோடு ஜூஹுவில் வேலை பார்த்த அதே தாராவிக்காரர்தான். நடுவில் அவரும் ஆறு மாசம் பங்களூர்த் தொழிற்சாலையில் உங்களிடம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பினார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஷ்யாமளாவைத் தூக்கி வைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்துக் கொடுத்தார். சின்னக் குழந்தை மாதிரி பை நிறைய மிட்டாய் வைத்திருக்கிறீர்களே என்று சும்மா கேட்டேன். "மேல போறப்ப காது அடைக்கும்லா அம்மா? இத வாயில போட்டுச் சப்பினா விட்ரும். எங்க ஆளுக பையில எப்பவும் கெடக்கும்" என்றார்.

காது என்றதும் எனக்கு எதுவோ இடறியது. மெக்கானிக்குகள் எதற்கு மேலே போக வேண்டும் என்று கேட்டேன். மனிதர் கள்ளங்கபடில்லாமல், பெருமையாகவே சொன்னார். "பங்களூர்ல உங்க வீட்டுக்காரவுக, நம்ம பஞ்சாபகேசன் சார், வச்ச வழக்கம்மா அது. கையெழுத்துப் போட்டவுகதான் மொதல்ல ஏறணும். நீ சரின்னு எழுதின வண்டியில நீயே ஏறலைன்னா ஊரான் எப்படி ஏறுவான்னு கேப்பாவ. சார் கையெழுத்துப் போட்ட டகோட்டா ஒண்ணுகூட அவுக ஏறிச் சுத்தி வராம வெளிய போனதில்ல."

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எப்படி ரயிலேறி வந்தேன் என்று தெரியவில்லை. ருக்கு மாமி என்னடீ என்னடீ என்று கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. சத்தியம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் குமுட்டியை வராந்தாவில் வைத்துப் பூண்டு காய்ச்சியதைப் படித்து நீங்கள் சிரித்திருப்பீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எண்ணெய் நன்றாகக் கேட்கிறது என்று வேறு பதில் எழுதினீர்கள்! நீங்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே அரிசி பொறுக்கிக்கொண்டிருந்திருப்பேன். ஏதாவது ஆகியிருந்தால் தந்தி வந்த பிறகும்கூட, அவர் ஏற மாட்டாரே, இது வேறு யாரோ என்று சொல்லிக்கொண்டு நின்றிருப்பேன். இதை நினைத்துப் பார்த்தீர்களா?

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் நீங்கள் எனக்குச் சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல் எழுதவும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

ராஜலக்ஷ்மி


மாட்டுங்கா
6 ஜனவரி 1947

நமஸ்காரம். உங்கள் பதில் கிடைத்தது. முதல் தடவையாக டகோட்டா இல்லாத கடிதம்.

ஆமாம், ஏறினேன் என்று எழுதியதற்கு முதலில் சந்தோஷம். சிரிக்கவில்லை, ஒவ்வொரு தடவை சீசாவைப் பார்க்கும்போதும் வெட்கமாக இருந்தது என்று எழுதியதையும் நம்புகிறேன். நீ ஒரு வார்த்தை எழுது, வேலையை விட்டுவிட்டு அடுத்த ரயிலில் வந்துவிடுகிறேன் என்று முடித்திருக்கிறீர்கள். பாரத்தை எவ்வளவு லகுவாக என் தலையில் இறக்கிவிட்டீர்கள்! சாமர்த்தியம்தான். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விட்டுவிடுங்கள் என்று எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். எழுதப் போகிற நேரம் பார்த்து வேறொன்று நினைவு வரும். நீங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டால், அந்த விமானங்களில் வேறொருவர் கையெழுத்துப் போடுவார். அவர் ஏறுவாரோ மாட்டாரோ? ஜூஹுவில் அன்றைக்குப் பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினதைப் பார்த்தேன், அவள் யாரை நம்பி ஏறினாள்? இதை யோசிக்கத் தொடங்கின பிறகு என்னால் எழுத முடியவில்லை.

ஆனால் சத்தியம் வாங்கியது அப்பா. அவர் விடுவித்தால்தான் விட்டது. திருவாதிரைக்களி கிண்டின கையோடு, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. களியை அளைந்துகொண்டே இருந்தார். பிறகு, "ஒரு எஞ்ஜின் நின்னுபோனா?" என்று கேட்டார். முன்பு நீங்கள் எழுதினதையெல்லாம் ஒப்பித்தேன். இந்த ஜாதி விமானம் பிறப்பதற்கு முன்பே, ஒரு எஞ்ஜின் நின்றாலும் மற்றதில் மேலே ஏற வேண்டும் என்று வாங்குகிறவர்கள் நிபந்தனை போட்டது, முதலில் செய்த ஒரே ஒரு விமானத்தை அப்படி ஓட்டிக் காட்டியது, துணியும் மரமும் போய் முழுக்கத் தகடானது, எல்லாம். சத்தியம் வாங்கின அன்றைக்கு அவர் பயந்தது அந்துப்பூச்சிக்கு, இது அது இல்லை என்றேன். களிக்குக் குழம்பும் ஊற்றாமல் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

அப்பா முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவர் அல்லவா? காட்டில் புதுப் பாலம் திறந்தபோது, அதைக் கட்டின எஞ்ஜினீயர் முதல் வண்டியில் எஞ்ஜினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போனதைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். "அவனுக்கும் ஆத்துக்காரி இருந்திருப்பா" என்றார். மிச்சக் களியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "கற்பூரம் கொளுத்தச் சொன்னது நான். அது அணைஞ்சாச்சுன்னு எழுதிடு" என்றார். கை அலம்பப் போனவர் பாதியில் திரும்பி வந்து, "பூண்டு வாடையைச் சகிச்சுண்டது வீணாப் போச்சே" என்றாரே பார்க்கலாம். நான் சிரித்தேன், அழுகையும் வந்தது.

எனவே உங்கள் சத்தியம் இன்றோடு தீர்ந்தது. எனக்குப் பயம் தீரவில்லை. அது தீராது, தீர வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கவும் கூடாது. பதிலுக்கு எனக்கு ஒன்று வேண்டும். எந்த நாள் ஏறுகிறீர்கள் என்று முன்கூட்டியே எனக்கு எழுத வேண்டும். அன்று நான் அரிசி பொறுக்காமல் உங்களை நினைத்துக்கொண்டிருப்பேன்.

போகிக்கு முதல் நாள் ஜூஹுவில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டிய டகோட்டா ஒன்று இருக்கிறது, அதை அனுப்பிவிட்டு நான் ரயிலில் வருகிறேன் என்று முந்தின கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். ரயில் வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போட்டதில் நீங்களே வாருங்கள். கம்பி வேலிக்கு வெளியே, பஸ் நிற்கிற பக்கம் நாங்கள் நிற்போம். அப்பாவும் வருகிறாராம். ஷ்யாமளா இப்போதும் வானத்தைப் பார்த்து "அப்பா போறா" என்று கை ஆட்டுகிறாள். நான் திருத்துவதில்லை.

எண்ணெய் சீசாவை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடவும். இத்துடன் இரண்டு பொட்டலம் பெப்பர்மின்ட் வைத்திருக்கிறேன். வெள்ளை நூல் கட்டினது ஏறும்போது வாயில் போட்டுக்கொள்ள. மஞ்சள் நூல் கட்டினது இறங்கும்போது. மேலே இருக்கிற அதிசயத்தில் வெள்ளையை மறந்தாலும் பாதகமில்லை. மஞ்சளை மறக்கக் கூடாது.

குருவாயூரப்பன் துணை.

உங்கள் வருகைக்குக் காத்திருக்கும்
ராஜலக்ஷ்மி