தங்கைக்கு வரவிருக்கும் அட்டையைத் தடுக்க வேண்டி

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்கின் மூத்த மகள்
(முகவரி தனி உறையில் மூடி இணைக்கப்பட்டுள்ளது. காரணம் பத்தி 7-இல் உள்ளது.)

பெறுநர்:
உயர்திரு குறைதீர் அலுவலர் அவர்கள்,
வங்கி வாடிக்கையாளர் குறைதீர் அலுவலகம்.

பொருள்: கடன் அட்டை நிலுவை மாற்றத்தின் பெயரால் என் தந்தையிடம் நடந்த மோசடி – விண்ணப்பிக்காமலே என் தாயாரின் பெயரில் வந்த அட்டை – என் தங்கையின் பெயரில் வரவிருக்கும் அட்டையை உடனே தடுத்து நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேரில் வந்து முறையிடுவதுதான் சரி என்று என் தாயார் சொன்னார். கவுண்ட்டர் முன்னால் நின்றால் பாதியைச் சொல்லாமலே திரும்பிவிடுவேன். எழுத்தில் என்றால் எதையும் விட்டுவிடாமல் சொல்வேன். ஆகவே இம்மனு.

1. என் தந்தை அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். தாயார் துணி தேய்க்கும் கடையில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இப்போது ஒரு கூரியர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. தங்கை பள்ளி இறுதியாண்டு படிக்கிறாள். தாயாருக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது, மருத்துவமனைக் கட்டணத்தைத் தந்தை தம் கடன் அட்டையில் செலுத்தினார். அதன்பின் வங்கி கேட்ட குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினார். கட்டியதெல்லாம் வட்டிக்கே போனது. அசல் அப்படியே நின்றது. அந்த அட்டைக்குத் தந்தை வைத்த பெயர் 'மாப்பிள்ளை'. மாதம் பிறந்தால், "மாப்பிள்ளை வந்துட்டாரா? இந்தத் தடவை என்ன கேக்குறாராம்?" என்பார். "என்ன குடுத்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் போவாரு" என்பார் தாயார். இதைப் புகார் மனுவில் எழுதுவானேன் என்று தாங்கள் நினைக்கலாம். பின்னால் இது தேவைப்படுகிறது.

2. ஓர் அட்டையின் கடனை, குறிப்பிட்ட காலம் வட்டி கேட்காத வேறு வங்கியின் அட்டைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று படித்தேன். 'பேலன்ஸ் டிரான்ஸ்பர்' என்கிறார்கள். மூன்று அட்டைகளின் நிபந்தனைகளைக் கீழே அடிக்கோல் வைத்து வரிவரியாகப் படித்தேன். ஒன்றில் வட்டியில்லாக் காலம் குறைவு. ஒரு தவணை தாமதித்தாலும் சலுகை போய்விடும். இன்னொன்று தந்தையின் அட்டையைத் தந்த வங்கியினுடையது. தம் வங்கிக் கடனைத் தம்மிடமே மாற்ற அவர்கள் விடுவதில்லை. மூன்றாவதில் மாற்றுக் கட்டணம் உண்டு, ஆனால் வட்டியில்லாக் காலம் நீண்டது. என் சம்பளத்தையும் சேர்த்துச் சம தவணையாகக் கட்டினால் அந்தக் காலத்துக்குள் கடன் முடிந்துவிடும். அதையே தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வில் பிழை இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

3. இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். எங்கள் வீட்டில் பேலன்ஸ் என்றால் மீதிக் காசு. கடைக்காரர் திருப்பித் தருவது, கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவது, போனில் இருப்பது. அதனால் தந்தை, "நம்ம பேலன்ஸை நாம எதுக்கும்மா அவங்களுக்கு மாத்தணும்? நமக்குத்தானே வரணும்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு, "கார்டுக்காரங்க பேலன்ஸ்னு சொன்னா அது கடன்ப்பா. அப்படியே மனசுல வச்சுக்கங்க" என்றேன். மறுநாள் வேலைக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "பேலன்ஸ்னா கடன், பேலன்ஸ்னா கடன்" என்று பாடம் ஒப்பிப்பவர் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

4. நானும் தந்தையும் புதிய வங்கியின் கிளைக்குச் சென்றோம். உள்ளே, டோக்கன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, கழுத்தில் நீலப் பட்டை அணிந்த ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். எல்லோரையும் அவரிடம் அனுப்பியவர் வாசல் காவலாளிதான். அந்த இளைஞர் தந்தையை முதலில் 'சார்' என்றார். கையெழுத்து வாங்கும்போது 'அப்பா' என்றார். தந்தைக்கு அது பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளைக் கதையைச் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தார். "கவலைப்படாதீங்கப்பா, பழைய மாப்பிள்ளைய அனுப்பிட்டு நல்ல மாப்பிள்ளையா பாத்துருவோம்" என்றார் அவர். பிறகு வீட்டில் யார் யார் என்று கேட்டார். தாயாரின் பெயர், தங்கையின் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் எல்லாவற்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு அடையாளம் கேட்டார். "மாடிப்படிக்குக் கீழ இருக்கிற கதவு" என்றார் தந்தை. அதுவும் துண்டுத்தாளில் ஏறியது. விண்ணப்பப் படிவத்தில் இவற்றுக்கெல்லாம் கட்டமே இல்லை என்பதை நான் பார்த்தேன். ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அவர் என்னைப் பார்த்து, "சிஸ்டர் பேசவே மாட்டாங்களா?" என்றார்.

5. அட்டை வந்தது. கடனும் மாறியது. பழைய அட்டையில் கடன் ஏதுமில்லை என்று குறுஞ்செய்தி வந்த அன்று தந்தை எங்கள் எல்லோரையும் வெளியே சாப்பிட அழைத்துப்போனார். பழைய அட்டையை ரத்து செய்யக் கேட்டபோது, அடுத்த மாதக் கணக்கு வரட்டும் என்று பழைய வங்கியில் சொல்லிவிட்டார்கள். காத்திருந்தோம்.

அந்த இடைவெளியில்தான் தந்தைக்கு அழைப்பு வந்தது. அப்போது அவர் ஒரு கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு பெண் குரல். "அப்பா, உங்க பழைய கார்டுல இன்னும் முழு பேலன்ஸ் காட்டுதே. அதையும் மாத்திடலாமா?" கடன் இல்லாத அட்டையில் இருக்கும் முழு பேலன்ஸ் என்பது, அதிலிருந்து எடுக்கக்கூடிய முழுத்தொகை. ஆனால் தந்தைக்கு நான் சொல்லிக்கொடுத்த பொருள் வேறு. கடன் தீரவில்லை போலிருக்கிறது என்று பதறி, "அய்யோ, ஒண்ணு விடாம மாத்திடும்மா" என்றார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த போனில் குறுஞ்செய்தியாக வந்த ஓடிபி எண்ணைப் படித்துச் சொன்னார். "ரொம்ப நன்றிப்பா. மாப்பிள்ளைய நல்லா கவனிச்சுக்கங்க" என்று சொல்லி அந்தக் குரல் வைத்துவிட்டது.

பழைய அட்டையின் உச்சவரம்பு முழுதும் அன்றே எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது இரண்டு அட்டைகளிலும் கடன் இருக்கிறது. தாயாரின் சிகிச்சைக்கு ஆன செலவைவிடப் பழைய அட்டையில் உள்ள கடனே பெரிது.

6. பழைய வங்கிக்கு எழுதினேன். 'வாடிக்கையாளர் தமது பேலன்ஸை மாற்றத் தாமே ஒப்புதல் அளித்துள்ளார்' என்று பதில் எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள். புதிய வங்கிக் கிளைக்குத் தாயாரை அழைத்துக்கொண்டு போனேன். அப்படி ஒருவர் இங்கே உட்காரவே இல்லை என்றார் மேலாளர். வாசலில் வேறு காவலாளி நின்றார். டோக்கன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மேசையைக் காணோம். ஆனால் அதன் நான்கு கால்களும் பதிந்த தடம் தரையில் அப்படியே இருந்தது. தாயார் அதைக் காலால் தொட்டுக் காட்டி, "அப்போ இது எதோட கால் சார்?" என்று கேட்டார்.

7. அதற்கு அடுத்த வாரம் என் தாயாரின் பெயரில் புதிய வங்கியின் கடன் அட்டை தபாலில் வந்தது. அவர் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை, எங்கும் கையெழுத்திடவில்லை. உறையின் மேல் அச்சிட்ட முகவரியில், 'மாடிப்படிக்குக் கீழ்க் கதவு' என்று இருக்கிறது. ஐயா, எங்கள் எந்த ஆவணத்திலும் இந்தச் சொற்கள் கிடையாது. அந்தத் துண்டுத்தாளில் மட்டுமே இருந்தன. அங்கே யாரும் உட்காரவில்லை என்றால், அவர் எழுதியது வங்கியின் உறைமேல் எப்படி அச்சாகும்? உள்ளே கடன் அட்டை என்று உறைமேலேயே அச்சிட்டிருக்கிறது, நாங்கள் பிரிக்கவில்லை. பீரோவின் மேல் வைத்திருந்தோம். அறைக்குள் வரும்போதெல்லாம் நாங்கள் ஒருமுறை அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தோம்.

8. போன புதன்கிழமை எனக்கே அழைப்பு வந்தது. ஆண் குரல். மேசைக்காரருடையதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூத்த பொண்ணுதானே? நீங்கதான் பேச மாட்டீங்களே. பரவால்ல, கேளுங்க போதும். தங்கச்சிக்குப் பதினெட்டு ஆகப்போகுதுல்ல? மாப்பிள்ளை பாத்தாச்சு." பிறகு சிரிக்கவில்லை, மிரட்டவில்லை. "வச்சுடட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு வைத்தார்.

அன்று மாலையே தங்கையின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. புதிய வங்கியின் செய்திகள் வழக்கமாக எந்தப் பெயரில் வருமோ அதே பெயரில் வந்தது. 'தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. தாங்கள் தகுதி பெறும் நாளில் தானாகச் செயல்படுத்தப்படும்.' அவள் அதை எனக்குக் காட்டி, "அக்கா, நான் எதுக்கு அப்ளை பண்ணேன்?" என்று கேட்டாள். அவள் கல்லூரிக்குக் கல்விக்கடன் கேட்கப்போகிறாள். அதற்கு முன்பே அவள் பெயரில் வேறு கடன் நின்றால் அவளுக்குக் கல்லூரி இல்லை. எங்கள் வீட்டிலிருந்து போன முதல் ஆளாகவும் கடைசி ஆளாகவும் நானே இருந்துவிடுவேன்.

9. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:
(அ) வேறு எதற்கும் முன்பாக, என் தங்கையின் பெயரில் உள்ள அந்த விண்ணப்பத்தை இந்த வாரத்துக்குள் ரத்து செய்ய உத்தரவிட வேண்டும். மற்றவை தாமதமானாலும் தாங்கிக்கொள்வோம். இது தாமதமாகக் கூடாது.
(ஆ) தந்தைக்கு வந்த அழைப்பின் பதிவை வரவழைத்துக் கேட்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டது தம் கடனை மாற்றுவதற்கு. தம் பெயரில் புதுக் கடன் வாங்குவதற்கு அல்ல. அதுவரை அந்தத் தொகைக்கு வட்டி ஏற்றக் கூடாது.
(இ) அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் யார், அவரை உட்காரவைத்தவர் யார் என்று விசாரிக்க வேண்டும்.

10. தந்தை இப்போது வேலையில் போனை அணைத்துவைத்துவிடுகிறார். வீட்டில் பேலன்ஸ் என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. நேற்று மீதிக் காசை வாங்கிவந்த தங்கை, "இந்தாங்க, மிச்சம்" என்று மேசைமேல் வைத்தாள். தந்தை அதை எண்ணிப் பார்க்காமல் எழுந்து போனார்.

தங்கள் அலுவலகத்தின் மனுப் படிவத்தில், 'குடும்ப உறுப்பினர்களின் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது கட்டாயம் என்று நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார்கள். படிவம் வாங்க வந்தபோது, தங்கள் அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர், "குடுங்க சிஸ்டர், நானே நிரப்பித் தர்றேன்" என்று பேனாவை எடுத்தார். அவர் கழுத்தில் பட்டை இல்லை. அவர் உதவி செய்ய வந்த நல்லவராகவே இருக்கலாம். நான் படிவத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். அதற்காக மட்டும் இம்மனுவைத் தள்ளிவிட வேண்டாம் என்று மன்றாடுகிறேன்.

பதிலைத் தபாலில் மட்டும் அனுப்பக் கோருகிறேன். தாங்களே அழைத்தாலும் நாங்கள் போனை எடுக்க மாட்டோம். மன்னிக்க வேண்டும்.

இணைப்பு: தாயாரின் பெயரில் வந்த உறை (பிரிக்கப்படாதது, முகவரி தெரியாதபடி மூடியது), பழைய வங்கியின் பதில், குறுஞ்செய்தியின் நகல், முகவரி அடங்கிய தனி உறை.

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
லிஃப்ட் மெக்கானிக்கின் மூத்த மகள்

இடம்: தனி உறையில் உள்ளபடி
நாள்: திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதினெட்டு.