ஆறு முழக் கறுப்புக் கம்பி

டிசம்பர் 14, 1968

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் யாரிடமும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவிடம் காட்டவே கூடாது. எல்லாரும் தூங்கியபின் விளக்கைத் தாழ்த்திவைத்து எழுதுகிறேன்.

மாயாபந்தர் மலைமேல் சூரியனின் ரேடியோ இரைச்சலைப் பிடிக்கும் ஏரியல் இருக்கிறது. அது கோடு கோடாகக் கிறுக்கும் காகிதச் சுருளை அப்பா தினமும் கப்பல் நிற்கும் ஜெட்டியின் வயர்லெஸ் ஆபீசுக்குச் சுமந்து இறங்குவார். இன்றிலிருந்து அது வேண்டாம். புதுக் கறுப்புக் கம்பி வழியாக இரைச்சலே கீழே வந்துவிடும். அப்பா இப்போது கம்பிக்குக் காவல்.

"இனி சூரியனுக்கு இந்தக் கஸ்பார் வேண்டாம், மக்ளே. கம்பிக்குத்தான் வேணும்" என்று சிரித்தார்.

டிசம்பர் 17

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிவிட்டேன்! மூங்கில் சீவல்கள் மழையில் இற்றுப்போயிருந்தன. மூன்றாவது கம்பத்தில் சுருட்டித் தொங்கிய மிச்சக் கறுப்புக் கம்பியை அரிவாளால் வெட்டி எடுத்து, ஒரே இழுப்பில் ஐந்து முனையும் வளைத்தேன். மேலே முழுக்கச் சிவப்புத் தாள் சுற்றிவிட்டேன். அப்பாதான் கூரைமேல் ஏற்றிக் கட்டினார்.

டிசம்பர் 18

நான் வெட்டியது மிச்சக் கம்பி இல்லை.

டிசம்பர் 19

லைன் செத்துக் கிடக்கிறது. என்ஜினீயர் ஜெகநாதன் சார் எங்கள் வாசலில் நின்று கத்தினார். "கம்பம் சாய்ஞ்சா கம்பி அறுந்துடக் கூடாதுன்னுதான் அந்தச் சுருளை விட்டு வச்சோம். அதையே வெட்டியிருக்கான்! செம்புக்காக நீயே வித்துட்டியா, கஸ்பார்?"

"மாதா சத்தியமா எனக்கு மாலும் நஹி, ஒண்ணும் தெரியாது, சார்."

அவர் தலைக்கு மேலேதான் நட்சத்திரம் ஆடிக்கொண்டிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏன் சொல்லல? ஏன்?

பள்ளியில் இந்திராணி கேட்டாள்: "உங்கப்பா சூரியனையே வித்துட்டாராமே?"

டிசம்பர் 20

அப்பாவைத் திங்கட்கிழமைக் கப்பலில் இந்தத் தீவிலிருந்து மெயின்லேண்டுக்கே அனுப்பிவிடுவார்களாம். வேலை போய்விடும். ஸ்டோரில் துண்டுக் கம்பிகூட இல்லை. "ஆறு முழந்தான் எட்டல" என்று அப்பா கஞ்சியைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

அம்மா சொன்னாள்: "ஒன் நட்சத்திரம் ஒண்ணுதான்டி இந்த வீட்டுல பாக்க நல்லாருக்கு."

நான் சொன்னால் போலீஸ் வருமா? அப்பா என் முகத்தைப் பார்ப்பாரா?

டிசம்பர் 21

சாயங்காலம் அம்மா தண்ணீருக்குப் போனதும் கூரைமேல் ஏறினேன். தாளைக் கிழித்தேன். கம்பியை நிமிர்த்திப் பார்த்தேன், முடியவில்லை. நட்சத்திரமாகவே கொண்டுபோய் சார் வீட்டு வாசலில் வைத்தேன். கூடவே ஒரு சீட்டு: "அப்பா எடுக்கவில்லை. நான்தான். செலின், எட்டாம் வகுப்பு."

அப்பா வந்ததும் வெறும் கூரையை வெகுநேரம் பார்த்தார். கீழே கிடந்த சிவப்புத் தாள் துண்டுகளைப் பொறுக்கி மடித்துவைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

வெளியே டார்ச் வெளிச்சம். யாரோ வருகிறார்கள். போலீசா — மாதாவே —

கதவைத் தட்டுகிறார்கள். சார் குரல்.

"கஸ்பார், எந்திரி. குறடை எடுத்துக்க. கம்பி கிடைச்சிருச்சு, இப்பவே சேர்த்துடலாம். உன் மகளையும் கூட்டிக்க. டார்ச் பிடிக்க ஆள் வேணும்."

அப்பா எழுந்துவிட்டார். என்னைத்தான் பார்க்கிறார்.

"மக்ளே, செருப்பைப் போட்டுக்க. புல்லெல்லாம் அட்டைப்பூச்சி —"