அப்பாவின் மூச்சும் உன் அந்துப்பூச்சியும்

மேற்கு மாம்பலம்,
தை 9

என் அருமை மகள் தமிழ்மொழிக்கு அம்மா எழுதுவது. சுவீடனில் பனியும் நீயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் லேபில் வளரும் பூச்சி செல்களின் சௌக்கியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, அவற்றுக்குத்தான் நீ வேளாவேளைக்குத் தீனி வைக்கிறாயே. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் ஏதோ மெஷின் நின்றுவிட்டது என்று ஓடிவிடுவாய், வாட்ஸப்பில் போட்டால் ஒரு கட்டைவிரல் படம் வரும்.

முதலில் சொல்லிவிடுகிறேன், அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறார், பதறாமல் படி. போகி அன்று காலை நம் தெருவில் ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்று புகையைக் கிளப்பினார்கள், எதிர்வீட்டு மகான் டயரையே போட்டார். அப்பாவுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. வாயில் வைத்து அடிக்கும் அந்த நீல பஃப்பை அடித்தார், மறுபடி அடித்தார், இன்னொரு தடவையும் அடித்தார், சுவரில் அடித்த மாதிரிதான் இருந்தது. உதடு கறுத்துவிட்டது. நம் மாவுக் கடை கிரைண்டரை ஓடவிட்டபடியே ஓடிப்போய்ச் சைக்கிள் கடை காஷிஃபைக் கூப்பிட்டேன், அவர் அப்பாவின் ஆட்டோவையே எடுத்தார். உன் அப்பா பெருமையைக் கேள், ஒரு வார்த்தை பேச மூச்சில்லாத மனிதர், உஸ்மான் ரோடு வேண்டாம் என்று பின்சீட்டிலிருந்து கையை ஆட்டி வழி காட்டுகிறார். தேனாம்பேட்டை சிக்னலில் அந்தக் கையும் தொங்கிவிட்டது. அங்கே நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன், ஊசி எல்லாம் கொடுத்து மத்தியானத்துக்குள் மனிதரைத் திருப்பித் தந்தார்கள். டாக்டர் கமர் ஜஹான் என்று ஒரு அம்மா, தினமும் அடிக்கிற பஃப்பைக் காட்டச் சொன்னார். இரண்டு வேளையும் தவறாமல் அடிக்கச் சொல்லியிருந்த பழுப்பு நிற பஃப், பிரிக்காத பெட்டியில் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஏன் என்றதற்கு உன் அப்பா மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, "அத அடிச்சா ஒண்ணியும் தெரில. இன்னாத்துக்கு அது?" என்றார். அவசரத்துக்கென்று கொடுத்த நீலத்தை எனக்குத் தெரியாமல் ஆட்டோவில் வைத்து நாளைக்குப் பதினைந்து தடவை அடித்திருக்கிறார். அந்த மருந்து மூச்சுக்குழாய் செல்லின் வெளியே இருக்கும் ரிசெப்டரில் போய் உட்காருமாம், அந்த ரிசெப்டர் உள்ளே ஜி புரோட்டீனைத் தொட்டு எழுப்பினால்தான் குழாய் விரியுமாம், ஓயாமல் தொந்தரவு செய்தால் இரண்டும் விலகிவிடுமாம், அப்புறம் மருந்து வெளியே உட்கார்ந்திருக்கும், உள்ளே ஒருத்தருக்கும் தகவல் போகாது என்றார் டாக்டர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க பொண்ணும் இதுக்குத்தான் அழுதுகினு கீது டாக்டர்" என்றேன். நீ போனில் சொன்னதையெல்லாம் அர்த்தம் புரியாமலே ஒப்பித்தேன், மனிதருடைய ரிசெப்டரை அந்துப்பூச்சி செல்லில் உண்டாக்குகிறாள், மருந்து வந்து ஒட்டுகிறது, பூச்சியின் ஜி புரோட்டீன் அதோடு சரியாகச் சேர மாட்டேன் என்கிறது, எட்டு மாதமாக மனிதருடைய புரோட்டீனையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கிறாள் என்றேன். எந்த ரிசெப்டர் என்று கேட்டார். பீட்டா இரண்டு என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, "இவர் நெஞ்சுல இருக்கறதும் அதேதாம்மா" என்றார்.

நான்கு வருடமாக, உன்னைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் வெளிநாட்டில் பூச்சி மருந்து கம்பெனியில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்த அறிவாளி நான். இது அப்பா பஃப் போய் உட்காரும் இடம் என்று ஒரு நாளாவது சொன்னாயா என்று உன்னைத் திட்டத்தான் வாயெடுத்தேன். சொல்லியிருப்பாய், எனக்குக் கிரைண்டர் சத்தம். போன மாதம் யாருக்கும் உதவாத வேலை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறேன் என்று நீ அழுதபோது, பெரிய மனுஷி மாதிரி, வாடி, ஓஎம்ஆரில் ஏதாவது ஐடி கம்பெனியில் ஏசியில் உட்காரலாம் என்றேன். அந்த யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வராதே என்று சொல்லவில்லை. முடியவில்லை என்றால் தாராளமாக வா, உன் தட்டு இங்கேயேதான் இருக்கிறது. ஆனால் யாருக்கும் உதவாத வேலை என்று சொல்லிக்கொண்டு வராதே. அன்றைக்கு அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றவள் நான், எனக்கு அது தெரியும்.

உன்னிடம் வாய் திறக்கக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கினார், நானும் வாய் திறக்கவில்லை, எழுதத்தானே செய்கிறேன். தினமும் காலையில் பழுப்பு பஃப்பை அடித்தாரா என்று நீயே போன் போட்டுக் கேள், என்னிடம் கூசாமல் பொய் சொல்கிறார், உன்னிடம் நாக்கு எழாது. குளிருக்குக் காதை மூடிக்கொள், வயிறு நிறையச் சாப்பிடு. உன் ரிசெப்டரும் ஜி புரோட்டீனும் ஒன்றோடொன்று சேர்ந்து நீ நிம்மதியாகத் தூங்கும் நாள் சீக்கிரம் வரட்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். அடுத்த தடவை போன் செய்யும்போது முதலிலிருந்து சொல், கிரைண்டரை நிறுத்திவிட்டு உட்காருகிறேன்.

உன் அம்மா,
ரத்னா செம்பியன்