மருமகள் சீட்டு எடுத்த பெரியப்பா

அன்பு மகள் தான்பிக்கு,

ஆன்தோங்கிலிருந்து அம்மா எழுதுவது. உன் பெரியப்பாவின் ரத்தக் கொதிப்பைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அதுவும் உன் கைங்கரியம்தான். சியோலில் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காலுறை போட்டுக்கொள், நான் அனுப்பிய கிம்ச்சியை அறைத்தோழிகளுக்கே வாரிக் கொடுத்துவிடாமல் நீயும் கொஞ்சம் சாப்பிடு.

கேம் டிசைன் துணைப்பாடத்தை விட்டுவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அப்பா சொன்னாரே என்று எடுத்த வணிகவியலில் மட்டும் என்ன கிழித்துக்கொண்டிருக்கிறாய் என்று யோசித்தேன். அந்தப் பாடத்துக்கு நீ செய்த விளையாட்டில் மருமகளாக வருகிறவர் ஜெயிக்கவே வழியில்லை, இதை எவன் விளையாடுவான் என்று பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்தாராம். நல்ல மனிதர். சுசோக் பண்டிகைக்கு அவர் வீட்டில் சமைப்பது யாரென்று கேட்டாயா? அவர் பேச்சு ஒரு பக்கம், பண்டிகையன்று பெரியப்பா போட்ட கூத்து ஒரு பக்கம், இதற்கே மூட்டை கட்டுகிறாய். நீ செய்ததும் லேசான காரியமா? முன்னோர் படையல் முடிந்த கையோடு பெரியப்பா வீட்டுக் கூடத்தில் அந்த விளையாட்டு அட்டையை விரித்தாய். மூத்த மகன் சீட்டு வந்தவருக்குச் சாப்பிடச் சாப்பிடப் புள்ளி, மருமகள் சீட்டு வந்தவர் பாத்திரம் தீரும்வரை அடுப்படியை விட்டு வரக் கூடாது, பாத்திரமோ தீரவே தீராது. அந்த மருமகள் சீட்டு குலத்துக்கே மூத்தவரான பெரியப்பாவுக்கா வந்து வாய்க்க வேண்டும்! என்னடி இது, நான் எப்பதான் வெளிய வர்றது என்று அவர் கத்த, மீன் சுட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, கல்யாணமான நாள்லேருந்து நானும் அதத்தாங்க கேக்குறேன் என்று அடுப்படியிலிருந்தே சொல்ல, அவர் அட்டையை எத்தினார், நீ அழுதுகொண்டே பஸ் ஏறினாய்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தவர் எங்களைப் போன் போட்டு வரவழைத்தார். பெரியம்மா பத்திரமாக எடுத்து வைத்திருந்த அட்டையை அவரே விரித்து, மருமகள் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார், ஜெயிச்சுக் காட்டுறேன் பாரு என்று. தோற்றார். திரும்பத் தோற்றார். பாத்திரச் சீட்டுகளை மெத்தைக்கடியில் ஒளித்தார், உன் அப்பா அதைப் பார்த்தும் பார்க்காததுபோலக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார், எனக்கு வாய்த்த வீரர். அடுத்த ஆட்டத்தில் மூத்த மகன் சீட்டு பெரியம்மாவுக்கு வந்தது. அவள் காலை நீட்டி, திண்டில் சாய்ந்து, அவர் பக்கம் திரும்பாமலே, தண்ணி என்றாள். பெரியப்பா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார். பிறந்து வளர்ந்த வீடு, டம்ளர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் சோற்றுக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். பெரியம்மா மிச்சம் வைக்காமல் குடித்தாள். யாரும் சிரிக்கவில்லை தான்பி, எனக்குத்தான் கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது.

மருமகளும் ஜெயிக்கிற மாதிரி மாற்றித் தரும்படி உனக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். மாற்றினாயோ, முதுகில் நாலு வைப்பேன்.

கண் கெடாமல், மனம் சோராமல் நன்றாயிரு மகளே. துணைப்பாடத்தை விடுவதானால் தாராளமாக விடு, ஆனால் அதைப் பெரியம்மாவிடம் நீயே சொல்லிக்கொள். வரும் சனிக்கிழமை குலத்து மருமகள்கள் அத்தனை பேரையும் உன் விளையாட்டை ஆட அவள் வீட்டுக்கு அழைத்திருக்கிறாள், மூத்த மகன் சீட்டுக்கு இப்போதே அடிதடி.

இப்படிக்கு,
உன் அம்மா
சா மியோக்