பதினேழாம் கேள்வியும் அறையில் கிடந்த முடியும்

அனுப்புநர்:
பதிவு எண் 4116, 4117 ஆகிய தேர்வர்களின் பாட்டி,
சலவைக் கூடத்தில் துணி பிரிப்பவர்,
சலவைக் கூடத்தின் பின்வீடு.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
மருத்துவ ஆய்வக உதவியாளர் பயிற்சி நுழைவுத் தேர்வு அலுவலகம்.

பொருள்: டி.என்.ஏ. பற்றிய பத்தியின் கீழ் வந்த பதினேழாம் கேள்விக்கு வெளியிடப்பட்ட விடை தவறு என்பதால், அதைத் திருத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். டி.என்.ஏ. என்ற சொல்லையே இந்த வாரம்தான் எழுதிப் பழகினேன். ஆனாலும் உங்கள் வினாத்தாளை நான்கு முறை படித்துவிட்டே இதை எழுதுகிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. என் பேத்திகள் இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையர். பதினொரு நிமிட இடைவெளியில் மூத்தவள், இளையவள். மூத்தவள் 72 மதிப்பெண் பெற்றுத் தேர்வாகிவிட்டாள். இளையவள் 71. சேர்க்கைக்கான கடைசி மதிப்பெண் 72. அந்த ஒரு மதிப்பெண்ணும் பதினேழாம் கேள்வியில் போனது.

3. உங்கள் பத்தியை அப்படியே தருகிறேன்: “மனிதரின் முடி வேரில் டி.என்.ஏ. உள்ளது. அது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மட்டும் அது ஒன்றாக இருக்கும். ஓர் அறையில் கிடைத்த முடியின் டி.என்.ஏ., ஒரு மனிதருடைய டி.என்.ஏ.வுடன் ஒத்துப்போனது.” இதன் கீழே, ‘அந்த மனிதர் அந்த அறைக்கு வந்திருக்கிறார்’ என்ற கூற்று சரியா, தவறா, பத்தியிலிருந்து சொல்ல முடியாததா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்தியில் உள்ளதை மட்டும் கொண்டு விடை தருக என்று தடித்த எழுத்தில் வேறு போட்டிருக்கிறீர்கள். இளையவள் ‘சொல்ல முடியாது’ என்றாள். நீங்கள் ‘சரி’ என்கிறீர்கள்.

4. ஐயா, முடி ஒத்துப்போனது என்றால் அது அவருடையதாக இருக்கலாம். அவருக்கு அப்படி ஓர் இரட்டையர் இருந்தால் அந்த இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். இல்லை என்று பத்தி சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சீப்பு ஒன்று, தலை இரண்டு. சீப்பில் சிக்கிய முடி யாருடையது என்று உங்கள் பத்தியை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. சரி, அவருடையதே என்று வைத்துக்கொண்டாலும், அந்த முடி அறைக்குள் எப்படி வந்தது என்று பத்தியில் ஒரு வரி கூட இல்லை.

5. திங்கட்கிழமை இதைச் சொல்ல உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். மூன்றாம் சாளரத்தில் இருந்த ஊழியர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, “ஆள் வந்தாத்தானே பாட்டிம்மா முடி வரும்? முடி என்ன தனியா நடந்தா வரும்?” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய கறுப்புச் சட்டையின் தோளில் ஒரு வெள்ளைப் பூனைமுடி இருந்தது. பூனை அலுவலகத்துக்கு வந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. மரியாதை கருதி விட்டுவிட்டேன். அவர் வீட்டில் பூனை இருக்கிறது என்றும் நான் முடிவு கட்டவில்லை.

6. முடிவு கட்டி ஒருமுறை நான் பட்டிருக்கிறேன். சலவைக் கூடத்தில் ஒரு வாடிக்கையாளரின் சால்வை காணாமல் போனது. அது வந்த பையைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே நீளமாக ஒரு செம்பட்டை முடி. எங்களில் செம்பட்டைத் தலை இஸ்திரி போடும் அக்கா ஒருத்திக்குத்தான். பையைத் தொட்டது நீதான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்: “நான் தேய்ச்ச துணி எல்லாத்துலயும் என் முடி ஒட்டியிருக்கும்டி. அப்போ இந்த ஊர்ல இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் நான் போயிட்டு வந்திருக்கேனா?” ஐந்தாம் நாள், வேறொரு வீட்டுப் போர்வையின் மடிப்புக்குள்ளிருந்து அந்தச் சால்வை வந்தது. தவறாகப் பிரித்துப் போட்டது நான். மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டாள், ஆனால் இன்றுவரை என்னை “துப்பறியும் அம்மா” என்றுதான் கூப்பிடுகிறாள்.

7. இந்தச் சலவைக் கதையை மனுவில் எழுதாதே என்று இளையவள் தடுத்தாள். “அது வெளி விஷயம் பாட்டி. பத்தியில இல்லாததை நாமளும் சேர்க்கக் கூடாது,” என்றாள். ஐயா, தன் மதிப்பெண்ணுக்காக வாதாடும்போதும் உங்கள் விதியை மீறாத பிள்ளை அவள். ஆகவே ஆறாம் பத்தியைச் சான்றாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். படித்தால் போதும்.

8. இனி எழுதப் போவதை மறைத்தால் மனு நேர்மையாக இராது. மூத்தவள் அந்தக் கேள்விக்கு ‘சரி’ என்று எழுதியவள். ஏன் என்று கேட்டேன். “நான் யோசிக்கல பாட்டி. கேட்டவங்க எதை எதிர்பார்ப்பாங்கன்னு பார்த்து எழுதிட்டேன்,” என்றாள். நீங்கள் விடையைத் திருத்தினால் அவள் 71 ஆவாள், தங்கை 72 ஆவாள். இதைக் கணக்குப் பார்த்த அன்று நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மூத்தவளே பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்து, “எழுதுங்க. தப்பான விடைக்கு வாங்கின சீட்ல உட்கார்ந்தா, நாளைக்கு யார் ரத்தத்தையோ பார்த்துட்டு அவசரமா ஏதாவது எழுதிக் கொடுத்துடுவேன்,” என்றாள். தங்கை அழுதாள். “நீ ஏண்டி அழற, சீட்டு போறது எனக்கு,” என்று இவள் அதட்டினாள். இந்த மனுவில் எழுத்துப் பிழை இல்லையென்றால் அதற்கும் மூத்தவளே காரணம்.

9. ஆகவே, வெள்ளிக்கிழமை சேர்க்கை முடிவதற்குள் பதினேழாம் கேள்வியின் விடையைச் ‘சொல்ல முடியாது’ என்று திருத்தி, அப்படி எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் வழங்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இருவருக்கும் இடம் கொடுங்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வருகிறது. கேட்கவில்லை.

10. பயிற்சிக்கு வேண்டிய வெள்ளை அங்கி ஒன்றை வெளுத்து, தேய்த்து, மடித்து வைத்திருக்கிறேன். இருவருக்கும் ஒரே அளவுதான். கழுத்துப் பட்டியில், யாருடையது என்று காட்டும் அடையாள நூல் மட்டும் இன்னும் தைக்கவில்லை. தங்கள் பதில் வந்ததும் தைப்பேன்.

இடம்: சலவைக் கூடத்தின் பின்வீடு
நாள்: புதன்கிழமை, முடிவு வெளியான ஏழாம் நாள்

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
4116, 4117 இருவருக்கும் பாட்டி

இணைப்பு: பதினேழாம் கேள்வி உள்ள வினாத்தாள் பக்கத்தின் நகல்.